திங்கட்கிழமை மனுக்களும் சிப்பின் வேகமும்

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அப்பாவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீங்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். உங்கள் அம்மாவின் கடையை மூடும் நிலை வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். அப்போது நீங்கள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் அம்மா டைப்பிங் கடை ஆரம்பித்திருந்தாள். மற்ற நாட்களில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஏதோ ஓடும். திங்கட்கிழமைதான் கடைக்கு உயிர். அன்று கலெக்டர் ஜனங்களிடம் நேரில் மனு வாங்குவார். செங்கம் பக்கம், தண்டராம்பட்டு பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ முதல் பஸ் பிடித்து வருவார்கள். பட்டா பேர் மாறவில்லை, வயலுக்குப் போகிற வழியை அடைத்துவிட்டார்கள், பென்ஷன் நின்றுவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒன்று. அதை அம்மாவிடம் சொல்வார்கள், அம்மா மனுவாக அடித்துக் கொடுப்பாள்.

கடையில் இருந்தவை பெரிய கம்ப்யூட்டர்கள் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, கம்ப்யூட்டர் முழுக்க அதற்குள்ளேயே அடங்கியிருக்கும், அதை மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பேன். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைக்கு அறை டிவிக்குப் பின்னால் வைத்திருந்தவை அவை. விடுதியைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டார்கள், நான் கேட்டு வாங்கி வந்தேன். சின்ன பேட்டரி ஒன்றிலேயே ஓடும். கரண்ட் போனால் தெருவில் மற்ற கடைகள் கை கட்டி உட்கார்ந்திருக்கும், நம் கடையில் மட்டும் வேலை நடக்கும். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை.

வெயில் காலம் வந்ததும் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. மேலே ஷீட் போட்ட கடை. பத்து மணிக்கு மேல் போர்டைத் தொட முடியாது. சூடு எல்லை மீறினால் அதில் இருக்கிற பிராசஸர் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே அணைந்துவிடும். அப்படிப் பாதி மனுவில் அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு அடித்ததெல்லாம் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெரியவர். அவருடைய மகன் இறந்த பிறகு மருமகளையும் பேரப்பிள்ளையையும் வீட்டில் விடாமல் பங்காளிகள் பூட்டிவிட்டார்கள் என்று மனு. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது திரை கறுத்துவிட்டது. அம்மா மெதுவாக, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அவர் எழுந்துகொண்டார். "இன்னொரு வாட்டி சொல்ல என்னால ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள். "வியாபாரம் கம்மியானா பரவால்லைங்க. துக்கத்த ரெண்டு வாட்டி சொல்ல வெக்கிறேன் பாருங்க, அதான் முடியல. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நானே ஷட்டர இறக்கிடறேன்."

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற அம்மாவின் தம்பிக்கு, உங்கள் மாமாவுக்கு, போன் போட்டேன். போர்டில் இருந்த எழுத்துகளைப் படித்துக் காட்டியதும் சிரித்தான். "மாமா, அத செஞ்ச கம்பெனிக்காரனே அத மறந்துட்டான். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க." இணையத்தில் விவரம் தெரிந்தவர்கள் கூடும் ஒரு மன்றத்திலும் கேட்டுப் பார்த்தேன். இந்த சிப்புக்கு நேரத்தை வீணாக்காதே என்று ஒருவர் பதில் எழுதினார். நேரம் என்னுடையது, நன்றி என்று நானும் பதில் எழுதினேன்.

வாய்க்கொழுப்பு என்று நினைக்காதீர்கள். அந்த போர்டில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மெதுவாக ஓடத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிராசஸர் என்பது ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை துடிக்கிற பொருள். துடிப்பு கூடினால் வேலை வேகமாக நடக்கும், கரண்டும் ஜாஸ்தி தின்னும், சூடும் ஏறும். நல்ல பிராசஸர் வேலை இல்லாதபோது துடிப்பைக் குறைத்துக்கொள்ளும், வேலை வந்தால் கூட்டிக்கொள்ளும். எங்கள் போர்டோ யாரும் ஒன்றும் அடிக்காமல் சும்மா இருந்தாலும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் என்று தேடினேன். கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மேல் வேலை. அடியில் கெர்னல் என்று ஒரு புரோகிராம் இருந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்தும். ஆனால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு சிப்பின் குணமும் அதற்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்லித் தருகிற சின்னப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். எங்கள் சிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவரை யாருமே எழுதியிருக்கவில்லை.

யாரும் எழுதவில்லையா, சரி, நான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது பத்தாவதும் ஐடிஐயும். டிவி, செட்டாப் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கிறவன். ஆனால் எங்கள் போர்டில் ஓடிய கெர்னல் பூட்டி வைத்த பொருள் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். உன் மார்க் ஷீட்டைக் காட்டு என்று அது என்னைக் கேட்கவில்லை. வேறு சிப்புகளுக்கு மற்றவர்கள் எழுதிய டிரைவர்களை எடுத்து வரி வரியாகப் படித்தேன். புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை போனில் தேடினேன். ஒரே பக்கத்தைப் பல தடவை படித்தும் மண்டையில் ஏறாமல் ஒரு விடுமுறை நாள் முழுக்கப் போனதுண்டு. வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. புரியாததைப் படிப்பதில் என்ன வெட்கம்?

சிப் செய்த கம்பெனி விட்டுப் போயிருந்த பழைய புரோகிராம் ஒன்றில், எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் வேண்டும் என்ற விவரம் கிடைத்தது. வேகத்தோடு வோல்ட்டேஜையும் குறைத்தால்தான் சூடு நன்றாக இறங்கும். அதை வைத்து எழுதினேன். முதல் தடவை கெர்னல் என் டிரைவரை ஏற்கவே இல்லை. அப்புறம் ஏற்றது, ஆனால் வேகம் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அசைந்தது. ஓயாமல் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். சூடு ஏற ஏறத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அணையாமல் ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டு போர்டைத் தொடச் சொன்னேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. எல்லா மெஷினிலும் அதையே போட்டுவிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் நாள் பௌர்ணமி, உங்கள் மாமா மலை சுற்ற வந்திருந்தான். கூட்டத்துக்குள் புகுந்து எல்லாரையும் முந்திக்கொண்டு சுற்றி முடித்ததாகப் பெருமையடித்தவன், காலெல்லாம் கொப்புளத்தோடு கடையில் வந்து உட்கார்ந்து பக்கெட் தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை விடவில்லை. "மலைய சுத்தறவங்க நிறைமாசக்காரி மாதிரி நடக்கணும்டா. நீ பஸ்ஸ புடிக்கிறவன் மாதிரி ஓடிட்டு வந்துருக்க."

கடையில் கூட்டம் சேர்ந்தது. போர்டுகள் சூடாகவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு மெஷின் அப்படியே உறைந்து நின்றது. திரையில் எழுத்து இருக்கிறது, எந்தக் கீயைத் தட்டினாலும் அசைவில்லை. அம்மா அடுத்ததில் போய் உட்கார்ந்தாள், அதுவும் நின்றது. சூட்டில் அணைந்தபோதாவது வெயில் ஏறும் வரை தாங்கின. இப்போது காலையிலேயே போயின. ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"நான் அப்பவே சொன்னேன் மாமா" என்றான் உங்கள் மாமா. "இது உங்க வேலையும் இல்ல, அந்த போர்டோட வேலையும் இல்ல. அக்கா, கடைய வேற யாருக்காவது விட்டுட்டு ரெஸ்ட் எடு."

எனக்குக் கோபம் வந்தது. நேற்று மதியம் முழுக்க ஓயாமல் ஓட்டிப் பார்த்தேனே, அப்போது நிற்கவில்லையே என்று சத்தமாகவே கேட்டேன். அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீங்க ஓட்டிக்கினே இருந்தீங்க. நான் அப்படியா அடிக்கிறேன்? ரெண்டு வரி சொல்லுவாங்க, அடிப்பேன். அப்புறம் கொழுந்தனார் கதை, நாத்தனார் கதைன்னு போவாங்க, அழுவாங்க. நான் கைய கட்டிக்கினு கேப்பேன். திரும்ப மனுவுக்கு வந்து நான் மொத எழுத்த அடிக்கும்போதுதாங்க நிக்குது. வேல செய்யும்போது நிக்கல. சும்மா இருந்துட்டு எழுந்திருக்கும்போது நிக்குது."

மாமா பக்கெட்டிலிருந்து காலை எடுத்தான். கிண்டல் போய்விட்டது அவன் முகத்திலிருந்து. "மாமா, வேகத்த ஏத்தும்போது எத மொதல்ல ஏத்துறீங்க? வேகத்தையா, வோல்ட்டேஜையா?"

வேகத்தை என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் சூட்டைக் குறைப்பதையே நினைத்து எழுதியிருந்தேன். குறைக்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகு வோல்ட்டேஜை. அது சரி. ஆனால் அதே வரிசையைத்தான் ஏற்றுவதற்கும் வைத்திருந்தேன். ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதற்கு வேண்டிய தீனியைப் போட வேண்டாமா? பசித்தவனை எழுப்பி, முதலில் ஓடு, அப்புறம் சோறு என்று சொன்னால் ரெண்டே எட்டில் சுருண்டு விழுவான். என் டிரைவர் அந்த சிப்பை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் எழுப்பியது. ஒருசில தடவை தப்பிக்கும், ஒரு தடவை விழும். நான் சோதித்தபோது அது உட்காரவே இல்லை, அதனால் எழுந்திருக்கிற வேலையும் அதிகம் வரவில்லை.

மாமாவும் நானும் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து திருத்தினோம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறினால் வோல்ட்டேஜ் முதலில், அது நிலைக்கக் கண்ணிமைக்கும் நேரத்தில் துளி அளவு பொறுத்து, அப்புறம் வேகம். பொறுக்க வேண்டும் என்று சொன்னவன் அவன்தான். திருத்தம் சில வரிகள்தான். போகும்போது அவன் மறுபடி சொன்னான், இது எத்தனை நாளைக்கு மாமா, கெர்னல் மாறினால் இந்த டிரைவர் ஓடாது என்று. மாறட்டும், நானும் மாற்றி எழுதுவேன் என்றேன். பிடிவாதக்காரர் என்றான். ஆமாம், எழுதிக்கொள் என்றேன். கெட்டுப்போகாத ஒன்றைக் குப்பை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மனுஷனையும் சரி, மெஷினையும் சரி, எழுப்பத் தெரியாதவன்தான் எழுந்திருக்கவில்லை என்று குறை சொல்வான்.

அடுத்த திங்கட்கிழமைதான் அம்மா சொன்ன கெடுவின் கடைசி திங்கள். வெயில் அதே வெயில். நான் ரிப்பேர் வேலை எதையும் எடுத்துக்கொள்ளாமல் கடை மூலையில் நின்றேன். ஒரு நடுவயதுப் பெண் அம்மா எதிரில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் கல் குவாரியில் அடிபட்டுப் படுத்திருக்கிறார், உதவித்தொகை கேட்டு மனு. ஊர், தாலுகா என்று ஆரம்பித்தாள், அம்மா அடித்தாள். பிறகு அந்தப் பெண் மனுவை விட்டுவிட்டு, அவர் நன்றாக இருந்தபோது எப்படி இருந்தார் என்று சொல்ல ஆரம்பித்தாள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திரையில் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. போர்டு தன் வேகத்தைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடிபட்ட அன்று யார் தூக்கி வந்தார்கள் என்று சொன்னாள். அம்மா முதல் கீயைத் தட்டினாள். எழுத்து விழுந்தது. அடுத்தது விழுந்தது. வரி ஓடியது.

அம்மா என் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. மெஷினைப் பற்றிய நினைவே அவளுக்கு இல்லை.

"அப்புறம் என்னா ஆச்சு, சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம்.