பாரீஸிலிருந்து வந்த போஸ்ட்

1. நாலாம் நம்பர்

நான் வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ரேடியோ, டிவி கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்கு மெட்ராஸ் டிவி நிலையம் ஒன்றுதான். அதுவும் சும்மா வராது. நாற்பதடி இரும்புப் பைப்பை நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, வடக்கே திருப்பி வைத்தால் வரும். பலமாகக் காற்றடித்தால் போய்விடும். அந்தப் பைப்பை நாங்கள் போஸ்ட் என்போம். கரண்ட் கம்பம் போஸ்ட் என்றால் இதுவும் போஸ்ட்தானே. அந்த வார்த்தையால் ஒரு வீட்டில் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்று கடையில் நிற்கும் பையன்களுக்கு உபயோகப்படலாம்.

ஐடிஐ முடித்துவிட்டுத் திருவாண்டார்கோயில் பக்கம் இருந்த தொழிற்சாலைகளுக்கெல்லாம் எழுதிப் போட்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடை முதலாளி கூப்பிட்டார். செட் விற்பது, வீட்டுக்குப் போய் ஆன்டெனா கட்டுவது, கெட்டுப்போனால் திறப்பது, மூன்றும் என் வேலை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது முதலாளியின் வேலை. அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

என் கையால் விற்ற முதல் டிவி சூசைக்கு. ஊருக்கு மேற்கே கரும்பும் நெல்லும் போடுகிறவர். வீடு மாதா கோயிலுக்கு எதிரில். மனைவி பிள்ளைகளோடு, விதவையான அம்மா லூர்தம்மாளையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் டிவி வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்து வாங்க முடியாது. நிலையம் சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். கடைக்கு வருகிறவர்கள் காலையில் வருவார்கள். ஆகவே பெட்டிக்குக் கதவு இருக்கிறதா, கால் நாலும் ஆடாமல் நிற்கிறதா, நிலையத்தைப் பிடிக்கும் ட்யூனரின் குமிழ் கடக் கடக்கென்று திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். சூசை ஒவ்வொரு செட்டின் குமிழையும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நிதானமாகத் திருப்பினார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“பன்னெண்டுல நம்பளுது எது?”

“நாலாம் நம்பருங்க.”

“மிச்சம் பதினொண்ணு இன்னாத்துக்கு?”

“அது மத்த ஊருங்களுக்கு.”

மற்ற ஊர்களுக்குத் தான் ஏன் நம்பர் வாங்கித் தர வேண்டும் என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் எட்டுப் பட்டன் வைத்த புது மாதிரி எலக்ட்ரானிக் ட்யூனர் செட் இருந்தது. அதில் ஏழுதான் வீண் என்று எடுத்துச் சொன்னேன். பட்டனை அமுக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. சத்தம் வராத சாமானை நம்ப முடியாது என்று குமிழ் வைத்த கறுப்பு வெள்ளை செட்டையே எடுத்துக்கொண்டார். பில் போடும்போது ஒன்று சொன்னார்.

“போஸ்ட் மட்டும் வாணாம் தம்பி. அண்ணன் பாரீஸ்லேர்ந்து எடுத்தாறாரு.”

அண்ணன் பெயர் அந்தோணி. வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். போனதும் அந்துவான் ஆகிவிட்டார். பட்டாளம் முடிந்தும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லீவில் வரப்போகிறேன் என்று கோயில் சாமியார் பங்களா போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரே இரைச்சல். “போஸ்ட் நான் எடுத்தாறேன், நீ வாங்காத” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. பிறகு லைன் போய்விட்டது.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. பிரான்சிலிருந்து சோப்பு வந்து பார்த்திருக்கிறேன், கத்தி வந்து பார்த்திருக்கிறேன், சாராய பாட்டில் வந்து பார்த்திருக்கிறேன். பைப் மட்டும் வரக்கூடாதா? அந்த ஊர்ப் பைப் துருப்பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2. வாங்காத சாமான்

அந்துவான் வந்த மறுநாள் சூசை கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. மெட்ராஸிலிருந்து டாக்ஸி வந்து நின்றதும் வீடே வெளியே ஓடியிருக்கிறது. சூசை முதலில் பார்த்தது டாக்ஸியின் கேரியரை. அதில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. பைப் இல்லை. பெட்டியைப் பிரித்தால் உள்ளே கலர் டிவி.

கூடத்தில் ஏற்கெனவே ஒரு டிவி மாலை போட்டு உட்கார்ந்திருப்பதை அந்துவான் அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

“வாங்காதன்னு சொன்னேனேடா.”

“போஸ்ட்டதான வாங்காதன்ன. நான் வாங்கலண்ணே.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். முதலாளி இதையெல்லாம் ஃபேனுக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் போஸ்ட் என்றால் ரேடியோப் பெட்டி, டிவிப் பெட்டி, அது டவுனில் பிரெஞ்சு தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்களே என்றார். உண்மைதான். நாங்கள் யாரும் டவுனில் இல்லை.

சூசை நம் ஊர்ப் பைப் ஒன்றுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

3. அந்த ஊர் ட்யூனர்

சாயங்காலம் போஸ்ட்டை நட்டு ஆன்டெனாவைக் கட்டினேன். அந்துவான் தன் செட்டுக்குத்தான் முதலில் வயர் கொடுக்க வேண்டும் என்றார். நல்ல அழகான செட். வயர் செருகும் இடமே வேறு மாதிரி இருந்தது. வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். நிலையத்தைத் தேடிப் பிடித்ததும் படம் வந்தது.

செய்தி வாசிக்கிற அம்மாளுக்குத் தலைமயிர் வெள்ளை. பல் கறுப்பு. முகம் கரி. போட்டோ நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதுவும் நிற்காமல் மேலே உருண்டுகொண்டே போனது. சத்தமே இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு செட் இப்படித்தான் காட்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆன்டெனா சரியில்லை என்றார் அந்துவான். திண்டிவனம் பக்கம் திருப்பினேன், விழுப்புரம் பக்கம் திருப்பினேன், கடைசியில் அவருக்காகக் கடல் பக்கமும் திருப்பினேன். வடக்கே கொண்டுவந்து, வயரைச் சூசையின் செட்டில் கொடுத்துக் குமிழை நாலில் வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. அந்த அம்மாளுக்குத் தலைமயிர் கறுத்தது. குரலும் வந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை.

“உன் கடைப் பெட்டிக்கு ஏத்தாப்பல கட்டியிருக்க” என்றார் அந்துவான்.

அவரைக் களத்துப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படத்தையும் சத்தத்தையும் அனுப்புகிற முறை வேறு, இங்கே வேறு என்று சொன்னேன். செட்டில் கோளாறே இல்லை, ஆனால் உள்ளே போர்டையே மாற்ற வேண்டும், அதற்குச் சாமான் மெட்ராஸிலேயே கிடைக்காது என்றும் சொன்னேன்.

“ட்யூனர் உள்ளயே இருக்குதான்னு கேட்டுத்தான்பா எடுத்தேன். இருக்குதுன்னு சொன்னான்.”

“இருக்குதுங்க. அது அந்த ஊரு ட்யூனர்.”

அவர் வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, கோட்டு போட்டிருந்தார், அந்த வெயில் காலத்திலும்.

“அப்பா செத்தப்ப வர முடியல. எல்லாத்தயும் தம்பிதான் பாத்தான். அம்மாக்குன்னு நான் எடுத்தாந்த ஒரே சாமான் இதுதான்.”

எனக்கு வருத்தமாக இருந்தது. ஐடிஐயில் கற்றுக்கொடுத்த எதுவும் அதற்கு உதவாது.

லூர்தம்மாள் வாசலுக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ரெண்டு பொட்டிக்கும் வயரு குடு தம்பி.”

கொடுத்தால் பிரயோஜனம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

4. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை சினிமாப் படம் போடும் நேரத்தில் பூஸ்டரைச் சரிபார்க்கப் போனேன். கூடம் நிறைய ஜனம். கோயிலில் ஜெபத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் சூசையின் செட்டுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்துவானின் செட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு லூர்தம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அதில் கரி முகமும் வெள்ளை மீசையுமாகக் கதாநாயகன் உருண்டு உருண்டு மேலே போனான். பின்னாலேயே கதாநாயகியும் போனாள். சத்தம் பக்கத்து செட்டிலிருந்து வந்தது. அந்த அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், கண்ணைத் துடைக்க வேண்டிய இடத்தில் துடைத்தார். சூசையின் மனைவி இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னாள்.

“எனக்கு இதான் நல்லாத் தெரியுது. நீங்க பாருங்க.”

கண் தெரியாதவர் அல்ல. அரிசியில் கல் பொறுக்குகிறவர்.

அந்துவான் கதவோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தபோதெல்லாம் அவர் அம்மாவைப் பார்த்தார். இதைப் பார்க்கக் கூடாது என்று நான் பூஸ்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். பூஸ்டரில் ஒன்றும் கோளாறு இல்லை.

பாதிப் படத்தில் செய்தி போட்டார்கள். ஜனம் தண்ணீர் குடிக்க எழுந்தது. அந்துவான் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்து, தான் கொண்டுவந்த செட்டை நிறுத்தினார். பிளக்கையும் பிடுங்கினார். அம்மா ஏன்டா என்று கேட்டார். அவர் குனிந்து அம்மாவின் நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தார். தம்பியைப் பார்த்தார். வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் தம்பியிடம் பேசினார்.

“அந்தப் பக்கம் புடிடா.”

சூசை எழுந்து மறுபக்கம் பிடித்தார்.

“அம்மா, காலத் தூக்கிக்க” என்றார் அந்துவான்.

இருவரும் அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கி, சூசையின் செட்டுக்கு நேர் எதிரில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குப் பிறகு மீதிப் படத்தையும் அந்துவான் அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கோட்டோடு பார்த்தார்.

பிறகு என் சர்வீஸில் எத்தனையோ வெளிநாட்டு செட் வந்தது. ட்யூனர் உள்ளே இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். எந்த ஊர் ட்யூனர் என்று நாம்தான் கேட்க வேண்டும். ஓடாத செட் என்றால் ஓடாது என்று சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். ஆனால் கொண்டுவந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்னதும் அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்துவானுக்கு அரைப் படம் ஆயிற்று.