அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய தோட்டம்

எங்கள் அக்கா ஜெயந்தினி பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் படித்தாள். அவள் அதைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வட துருவத்துப் பனி உருகுவதை நிறுத்திக்கொண்டது. உலகத்துக் கம்பனி முதலாளிகள் எல்லோரும் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். மகாவலி கங்கை தன் அழுக்கைத் தானே துவைத்துக் காயப்போட்டது. வட்டகொடை ஸ்டேசனுக்கு ரயில் நேரத்துக்கு வந்தது. கடைசியாகச் சொன்னதை மட்டும் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பாடத்தின் பெயர் சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை. வணிக முகாமைத்துவப் பட்டத்தில் மூன்றாம் வருடம் வருகிறது. ஒரு கம்பனி மரத்தை நடுகிறதா வெட்டுகிறதா, ஆட்களை மனிதராக நடத்துகிறதா, மேலே இருக்கிறவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்த்து மார்க் போடுவது. இதைக் கற்றுக்கொள்ள வருடக்கணக்காக விடுதியில் தங்கிப் பருப்புக் கறி தின்ன வேண்டுமாம். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் மூன்றுக்கும் மார்க் போட்டுவிடலாம். மூக்கு இருந்தால் போதும்.

நான் அவளுடைய தம்பி தனுஷன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் என்னைக் கைவிட்டது. இரண்டாம் தடவை நான் அதைக் கைவிட்டேன். இப்போது தலவாக்கலையில் மஃறூப் நானாவின் கடையில் போட்டோகொப்பி அடிக்கிறேன். படித்தவர்கள் எழுதுவதையெல்லாம் முதலில் பார்க்கிறவன் நான்தான். அதனால்தான் எனக்குப் படிப்பின் மேல் இவ்வளவு மரியாதை.

அக்காவின் சரித்திரம் சின்னது. ஆறாம் வகுப்பில், விருந்தாளி வருகிற நாளில் மட்டும் மலசலகூடத்தின் பூட்டைத் திறப்பது ஏன் என்று அதிபரிடம் கேட்டாள். பதிலாக ஒரு வாரம் அதே மலசலகூடத்தைக் கழுவினாள். அப்போதே அவளுக்குப் பட்டத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. அவள் உயர்தரத்தில் வர்த்தகம் எடுத்து, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரிவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆளாகி, கண்ணாடி போட்டு, கறுப்பு ஷூ ஒன்றும் வாங்கிவிட்டாள். கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மா அந்த ஷூவைச் சாமிப்படத்துக்குக் கீழே வைக்காத குறை.

போன விடுமுறைக்கு வரும்போது ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். அது அவளுடைய ஆய்வு. தோட்டத்துப் பெண்கள் அறுபது பேரிடம் முப்பது கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஐந்து என்றால் முழுத் திருப்தி. மாதம் இருபதாம் திகதிக்குள் கொடுக்காவிட்டால் இந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிக்கிறவர்களுக்கு விடுதி கிடையாது. விடுதி இல்லாவிட்டால் எங்கள் வீட்டு நிலைமைக்குப் படிப்பு அதோடு சரி.

முதல் கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "நிறுவனம் தனது பங்கீடுபாட்டாளர்களுடன் வெளிப்படையான உரையாடலைப் பேணுகின்றது."

"இத நம்ம காளியாயி அக்காகிட்டக் கேக்கப் போறியா?"

"வெளங்கப்படுத்துவேன்டா."

"மொதல்ல எனக்கு வெளங்கப்படுத்து."

அவள் ஷூவைப் போட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, தோட்டத்து மேனேஜரான துரையிடம் அனுமதி வாங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"வணக்கங்க மேடம்," என்றார் அம்மாக்கண்ணு பெரியம்மா. அக்கா பிறந்தபோது முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவர்.

"பெரியம்மா, நான் ஜெயந்தினி."

"தெரியுங்க மேடம்."

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தேயிலைப் பெட்டியில், ஒழுங்காக நடக்கிற தோட்டம் என்று ஒரு பச்சை முத்திரை ஒட்டுவார்கள். அதை வைத்திருக்கலாமா கூடாதா என்று பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை கொழும்பிலிருந்து ஆட்கள் ஃபைலோடும் ஷூவோடும் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முதல்நாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒத்திகை வைப்பார். "குடிக்கத் தண்ணி இருக்கா?" "இருக்குங்கய்யா!" "மலையில கக்கூஸ் இருக்கா?" "இருக்குங்கய்யா!" தேர் நாளில் அம்மனுக்கு நகை போடுவது போல எல்லோருக்கும் கையுறையும் ஏப்ரனும் கொடுப்பார்கள். சாயங்காலம் கழற்றி எண்ணி உள்ளே வைப்பார்கள். எட்டு வருடமாக இது நடக்கிறது. ஃபைலும் ஷூவும் சேர்ந்து வந்தால் எங்கள் பெண்களின் வாய் தானாகவே "இருக்குங்க" என்று திறந்துவிடும்.

போதாக்குறைக்கு அன்று கண்டாக்கு ஐயா தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அறுபது காகிதமும் நிறைந்தது. எல்லாம் ஐந்து. ராக்காயி அக்காவிடம் வயது கேட்டபோதுகூட "அஞ்சுன்னு போடுங்க மேடம்" என்றார். எங்கள் அம்மாவும் முப்பது கேள்விக்கும் ஐந்து கொடுத்திருந்தார்.

"வீட்டுக்கு வந்தும் மேடம்னு கூப்பிடுவீங்களாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"கோவிச்சுக்காத பாப்பா. அந்தாளு நின்னாருல்ல. அஞ்சு நல்ல மார்க்குதானே?"

லயத்துக்கு மேலே சிக்னல் கிடைக்கிற கல்லில் நின்று, தன்னை மேற்பார்வை செய்கிற மிஸ்ஸுக்கு அக்கா போன் எடுத்தாள். இறங்கி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. எல்லோரும் ஐந்து சொன்னால் நீ எதையும் அளக்கவில்லை என்று மிஸ் சொல்லிவிட்டாராம். இருபதாம் திகதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஒலகத்துலயே நல்ல தோட்டம் எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்ட. இதுக்கு ஒரு மாலை போட்டு அனுப்பியிருக்கலாம் அந்த மிஸ்," என்றேன்.

வழக்கமாக இதற்கு ஒரு செருப்பு பறந்து வரும். அன்று வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஏற்கனவே பளபளக்கிற ஷூவுக்கு இன்னும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பாலிஷ் மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் பழுதாகிப் போன காகிதங்களின் பின்பக்கத்தில் அதே கேள்விகளைக் கொப்பி அடித்து எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். மலைத்தண்ணீர் விழுகிற அந்த இடத்தில்தான் ஞாயிறன்று எங்கள் பிரிவே துணி துவைக்கும்.

"இது நம்ம தோட்டத்தப் பத்தி இல்ல. ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கில்ல, அந்தத் தோட்டத்தப் பத்தி. அங்க எப்பிடின்னு கேள்விப்பட்டதச் சொன்னா போதும்," என்றேன்.

அவ்வளவுதான். அணையைத் திறந்தது மாதிரி ஆகிவிட்டது.

"அங்கயா? மலையில கக்கூசே கெடையாதுடா. பொம்பளைங்க விடியக்காலையிலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல, எங்க போய் ஒதுங்குறதுன்னு," என்றார் ராக்காயி அக்கா.

"கையுறைய எண்ணி வாங்குவானுங்க பாரு! ஒன்னு கொறஞ்சா ஒருத்தியையும் வீட்டுக்கு விடமாட்டானுங்க," என்றார் காளியாயி அக்கா.

"டிஸ்பென்சரியில ஒரே வெள்ள மாத்திர. தலவலிக்கும் அதான், தடுக்கி விழுந்தாலும் அதான்."

"அந்தக் கண்டாக்கு இருக்கானே," என்றார் அம்மாக்கண்ணு பெரியம்மா, சவர்க்கார நுரையை வழித்து எறிந்தபடி. "அப்பிடியே நம்மாளு மூஞ்சி."

"நீங்க அங்க போயிருக்கீங்களா பெரியம்மா?"

"நான் எதுக்குடா அங்க போறேன்?"

எல்லாவற்றையும், மார்க்குக்குக் கீழே அவர்கள் சொன்னதையும் சேர்த்து, நானே எழுதினேன். ஒன்றும் இரண்டுமாகக் கொட்டியது. சாயங்காலம் அக்காவின் மடியில் கட்டைப் போட்டு, "இந்தா, ஒன்னோட பட்டம்," என்றேன்.

படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்தாள். "என்னா சொல்லிக் கேட்ட?"

சொன்னேன். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத எழுத முடியாதுடா. என்னாத்துக்குக் கேக்குறோம்னு சொல்லி ஒப்புதல் வாங்கணும்."

"கம்பனி ஊரையே ஏமாத்தி முத்திர வாங்குது. ஒனக்கு ஒப்புதல் வேணுமா?"

"அதப் பத்தித்தானே நான் எழுதப் போறேன். அதே வேலைய நானும் செஞ்சா, எனக்கும் அவனுகளுக்கும் என்னா வித்தியாசம்?"

இவ்வளவு பெரிய முட்டாளை எந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது என்று யோசித்துக்கொண்டே நான் தேத்தண்ணீர் குடித்தேன். அவள் றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, அழுக்குத் துணி வாளியோடு, வேலை விட்டு வருகிறவர்களைப் பிடிக்க மறுநாள் பீலிக்குப் போனாள்.

"தம்பி ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டான். நீங்க சொன்னதெல்லாம் நம்ம தோட்டந்தான்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். ஒவ்வொருத்தர் சொன்னதையும் தனித்தனியா வாசிக்கிறேன். எழுதலாம்னா எழுதுறேன். வேணாம்னா இங்கயே கிழிச்சிர்றேன்."



"பேரு வராதா?" என்று அம்மாக்கண்ணு பெரியம்மா கேட்டார். இந்தத் தடவை மேடம் இல்லை.

"வராது பெரியம்மா. தோட்டத்துப் பேரும் வராது."

"கண்டாக்கு மூஞ்சியப் பத்திச் சொன்னேனே?"

"அத எழுத மாட்டேன் பெரியம்மா."

"அத எழுது."

பீலியே சிரித்தது. ஆனாலும் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். காகிதம் நல்லதுக்குப் போகிறதா கெட்டதுக்குப் போகிறதா என்று யாருக்குத் தெரியும் என்றார் ஒருவர். அக்கா மறுவார்த்தை பேசாமல் அந்த ஒன்பதையும் அவர்கள் முன்னாலேயே கிழித்தாள். இரண்டு சாயங்காலம் இப்படிப் போனது. முப்பத்திரண்டு பேர் "எழுது புள்ள" என்றார்கள்.

சிக்னல் கல்லில் ஏறி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். என் திருட்டுத்தனத்தையும் சேர்த்துத்தான். ஃபைலோடு போனபோது கிடைத்த அறுபதையும், பீலியில் கிடைத்த முப்பத்திரண்டையும், நடந்ததையும் மறைக்காமல் எழுதிக் கொண்டுவரச் சொன்னாராம் மிஸ். திரும்பப் படிக்கத் தேவையில்லை. அம்மா கற்பூரம் கொளுத்தினார். பொய் சொல்வதற்குப் பெயர்தான் ஆய்வு என்று எனக்கு முன்பே தெரியும் என்றேன். இந்தத் தடவை செருப்பு வந்தது.

பத்தொன்பதாம் திகதி பின்னேரம், பையை அடுக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா கையில் ஒரே ஒரு காகிதம் இருந்தது.

"இத வாசிச்சப்ப பீலியில யாருமே தன்னோடதுன்னு சொல்லல."

"யாராவது மறந்திருப்பாங்க."

"இந்த வயசு யாருக்கும் சரியா வரல. நாப்பத்தேழு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிக் கேள்விக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். "'மலையில் ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மகள் விடுமுறையில் வரும்போது சுவரைப் பிடிக்காமல் நடப்பேன். தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாள்.'"

நான் கதவைப் பார்த்தேன். அது தூரத்தில் இருந்தது.

"'வீட்டில் உதவி செய்பவர்: மகன். நல்ல பிள்ளை. அழகானவன்.'" அவள் நிமிர்ந்தாள். "அம்மா அன்னிக்கு பீலிக்கே வரல. வந்திருந்தாலும் ஒன்னய நல்ல பிள்ளைன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

"கிழிச்சிப் போடு. கள்ளப் பேப்பரு."

"கள்ளப் பேப்பருதான். சேக்க மாட்டேன்." ஆனால் கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லுடா. இதுல எதெது நீ இட்டுக் கட்டினது?"

"அழகானவன்ங்கிறது மட்டும்," என்றேன்.