அண்ணன் காம்பராவில் நீலமான கண்ணாடி

லீவில் வீட்டுக்குப் போனால் குற்றம் கண்டுபிடிக்கும் புத்தி எனக்கு அப்போது மிக அதிகம். வெளிநாட்டில் மூன்று வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்துவிட்டு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு செப்டெம்பரில், கந்தப்பளைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரை ஒழுகுகிறது, அடுப்புப் புகை அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெளிநாடு போய் வந்தவங்களுக்கு எங்க வீடு குத்தமாத்தான் தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இனி வாயைத் திறப்பதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு அப்போது பெட்டரி சார்ஜ் பண்ணும் தொழில். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்திருந்தது. தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு வரவில்லை. அங்கே டீவி வைத்திருந்தவர்கள் கார் பெட்டரியை உரச்சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி வருவார்கள். அவற்றை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் உள்மூலையில் பலகைமேல் வரிசையாக வைத்து அண்ணன் பகல் முழுதும் சார்ஜ் ஏற்றுவார். அம்மாவுக்கு இழுப்பு. அதனால் குளிர் வராதபடி ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணி அடைத்திருந்தார்கள். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்காமல் சொந்தமாக ஒரு தொழில் என்பதில் அண்ணனுக்குப் பெருமை தாங்காது.

என் வேலையை வீட்டில் விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வருங்காலத்தில் ஐதரசன் வாயுவில் ஓடும் விமானங்கள் வரலாம். ஐதரசன் கசிந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காற்றோடு கலந்து நின்றால் ஒரு பொறி போதும். கசிவைக் கண்டுபிடிக்க மின்சாரக் கருவி வைத்தால், பழுதாகும்போது அதுவே பொறியைக் கொடுத்துவிடக் கூடும். அதனால் ஐதரசன் பட்டால் நிறம் மாறுகிற பூச்சு ஒன்றைக் கண்ணாடியில் படியவைத்து, ஒளியை விட்டு அந்த நிறத்தைப் பார்த்தே கசிவைத் தெரிந்துகொள்ளப் பார்த்தோம். தங்குதன் ஒட்சைட்டு, அதன்மேல் இருப்பதே தெரியாத அளவு பலேடியம். அண்ணன் இதை, தங்கச்சி பிளேனுக்குக் கண்ணாடி செய்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

திரும்பிப் போவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காட்டலாமென்று கொண்டுவந்த ஒரு துண்டுக் கண்ணாடியை, பெட்டரிகளுக்கு மேலே இருந்த தட்டில் எடுத்து வைத்தேன். தபால்தலை அளவுதான் இருக்கும். புடவையை மடித்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடி நீலமாகியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆய்வுகூடத்துக்கு வெளியே, மலைநாட்டு ஈரத்திலும் என் பூச்சு வேலை செய்கிறது என்ற சந்தோஷம். காம்பராவில் ஐதரசன் நிற்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. சார்ஜ் ஏறும் பெட்டரி ஐதரசன் விடும் என்று பள்ளியில் ஏ.எல். படிக்கும்போதே எனக்குத் தெரியும். அத்தனை நாளும் அதற்குள்ளே உட்கார்ந்துகொண்டுதான் கூரையையும் தண்ணீரையும் குறை சொல்லியிருக்கிறேன்.

"என்னம்மா, கலர் மாறுது?" என்று அண்ணன் ஆசையாகக் கேட்டார்.

இதுவும் ஒரு குற்றமா என்று கேட்பாரே என்றிருந்தது. என் வீம்பும் இன்னும் இறங்கவில்லை. இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். குளிர் அம்மாவுக்கு ஆகாது என்றார். நான் விட்டுவிட்டேன். கண்ணாடியை வாசலில் காற்றாட வைத்ததும் நீலம் மெல்லப் போய்விட்டது. டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன்.

நான் திரும்பிப் போனபின், ஒக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வைத்திருப்பவர்கள் கத்திக்குச் சந்தனம் வைப்பார்கள். அண்ணன் பெட்டரிகளுக்கு வைத்தார். கீழ் டிவிசனில் எல்லாரும் பண்டிகைப் படம் பார்க்கக் காத்திருந்ததால் அன்று பெட்டரிகள் வழக்கத்தைவிட அதிகம். காலையிலிருந்தே சார்ஜில் இருந்தன. வரிசையாகப் பொட்டிட்டு, பூ வைத்து, குனிந்து சூடம் காட்டியிருக்கிறார். பெட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடித்தது. அம்மா தேங்காய் உடைக்க வாசலுக்குப் போயிருந்ததால் தப்பினார். அண்ணனுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும்.

அந்த வருடம் நான் நிரப்ப வேண்டியிருந்த அறிக்கையில், பூச்சு ஆய்வுகூடத்துக்கு வெளியே எங்காவது சோதிக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்து போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யாரோ பெட்டரி வாயுவைப் பற்றி அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதைச் சொன்னார்.

"அன்னைக்கு அந்தக் கண்ணாடி நீலமாச்சே, அது இதத்தான் சொல்லுச்சா?"

இல்லையென்று சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாண்ணே" என்றேன்.

கையிலிருந்த காயை முடித்துவிட்டு, அடுத்ததைத் தடவி எடுத்தார்.

"நீ சொல்லியிருந்தா அன்னைக்குச் சண்டதான் போட்டிருப்பேன். சண்ட போட்டுட்டு ஜன்னலத் தொறந்திருப்பேன்ம்மா."