ஊசிக்கு ஒரு காவல்காரர்

கடிகார ரிப்பேர்க்காரர் மனநல மாத்திரையை விழுங்கினாரா என்று பார்ப்பது அவருடைய அண்ணனின் வேலை. "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று தினமும் காலையில் அதட்டுவார். பெரிய கலெக்டர் உத்தியோகம் என்று நினைப்பு. டாக்டர் மாத்திரையை நிறுத்தி மாதம் ஒரு ஊசி என்று மாற்றியதும் உத்தியோகம் போயிற்று, தோரணை போகவில்லை. தம்பி கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே, "இந்த மாச ஊசி போட்டாச்சா?" என்பார்.

இந்த மாதமும் ஆஸ்பத்திரிக்குக் காவலாகக் கூடவே வந்தார். நர்ஸ் தம்பியின் எடையையும் பிரஷரையும் பார்த்தார், கை நடுங்குகிறதா என்று கேட்டார், ஊசி போட்டார். குறை ஒன்றுமில்லை.

"எனக்கும் சும்மா பாரும்மா" என்று அண்ணன் கையை நீட்டினார்.

"பிரஷர் இப்படி எகிறுதே! அதுக்கு மாத்திரை போடுறீங்களா, இல்லையா?"

"அதெல்லாம் தினமும் கரெக்டா..."

தம்பி பணிவாகக் குனிந்தார். "அண்ணே, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."