எடை பார்த்து வாங்கிய வெயில்

எங்கள் கடை மாடியில் சோலார் போட வந்தவர்களில் இரண்டு பேர் மாடிப்படியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவள்தான் கலையரசி. ஏனாத்தூர்ப் பெண், வயது முப்பத்திரண்டு, எலக்ட்ரிகல் டிப்ளமா. நான் துரைக்கண்ணு, காந்தி ரோட்டில் உள்ள இந்தப் பட்டுக் கடையில் இருபத்தெட்டு வருடமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவன்.

கட்டடம் முதலாளி பஞ்சாட்சரத்தின் தாத்தா கட்டியது. கட்டடத்துக்குத் தொண்ணூறு வயதிருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. அதில் ஒரு கட்டை, நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, மழைக்காலமானால் முனகும். முதலாளியிடம் சொன்னால், "பழைய கட்டைபா, அப்படித்தான் பேசும்" என்பார். அவர் உட்காருவது வாசல் பக்கம்.

கடை முழுக்க ஏசி வைத்த பிறகு வந்த கரண்ட் பில்லைப் பார்த்ததும் அவருக்குச் சூரிய பகவான் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டது. அதனால்தான் சோலார்.

கலையரசி ஒரு முழுக் காலைப் பொழுது சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். பரண் மேல் ஏறி டார்ச் அடித்து ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தாள். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்து சொன்னாள்.

"ஐயா, கூரை மேல எதையும் ஏத்தக் கூடாது. சுவரு நல்லா இருக்குது. சுவருக்குச் சுவரு அலுமினியச் சட்டம் போட்டு, சுவர்லயே போல்ட் போட்டுப் புடிச்சிடறேன். பேனல் பாரம் கூரைக்குத் தெரியவே தெரியாது."

மாதிரிக்கு ஒரு சாண் சட்டத்தை நீட்டினாள். முதலாளி அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை கெட்டது என்று. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவோம். கனம் இருந்தால் ஜரிகை நிஜம், பட்டு நிஜம், விற்கிறவனும் நிஜம். எங்கள் முதலாளி இன்னும் ஒரு படி மேலே. கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு மொய் என்று முடிவு செய்வார்.

சட்டத்தைப் புடவை நிறுக்கும் தராசில் வைத்தார்.

"இன்னாம்மா இது? முந்நூறு கிராம்கூடத் தேறல. எங்க முகூர்த்தப் புடவையே ஒரு கிலோ நிக்கும்."

"ஐயா, அது உடுத்தறதுக்கு. இது..."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். பட்டுக் கடையில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வாங்க வருகிறவர்களுக்கே தெரியும்.

மறுநாள் விமல்ராஜ் வந்தார். கலையரசி ஆறு வருடம் வேலை பார்த்த கம்பெனியின் சொந்தக்காரர். அந்த ஆறு வருடமும் வெயிலில் மாடி மாடியாக ஏறியவள் அவள். கடைசியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர் அவர். வந்தவர் ஓர் இரும்புத் துண்டை மேஜை மேல் தொம்மென்று போட்டார். மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது. முதலாளியின் முகம் மலர்ந்தது.

"இதுபா சரக்கு!"

"கூரை மேலயே கான்கிரீட் கட்டை வெச்சு நிறுத்திடுவோம் சார். மொத்தம் ரெண்டு டன். யானை வந்து முட்டினாலும் அசையாது" என்றார் விமல்ராஜ்.

நான் மெதுவாக அண்ணாந்து பார்த்தேன். மழையே இல்லாமல் அந்தக் கட்டை முனகுவது போலிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் கலையரசியைப் பார்த்தேன். வாடிப்போயிருந்தாள்.

"தனியா வந்து மூணு மாசம் ஆச்சுண்ணா. ஒரு மாடி கிடைக்கல. ஒண்ணாந்தேதிக்குள்ள வந்தா பழைய வேலையிலயே சேர்த்துக்கறேன்னு விமல்ராஜ் சார் சொல்லி அனுப்பியிருக்காரு. அம்மாவும் போயிடுடின்னு அழுவுறாங்க. இன்னிக்கு இருபத்தேழு ஆயிடுச்சு."

அவளுக்குப் பிழைப்பு, எனக்கு மண்டை. இரண்டும் அதே கூரையின் கீழ்தான் இருந்தன. முதலாளிக்குத் துரோகம் என்று தோன்றத்தான் செய்தது. மண்டையா முதலாளியா என்று வந்தபோது யோசிக்க நேரமாகவில்லை.

"உன் தங்கச்சி ஜெயப்ரியாவுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கணும்னியே, நாளைக்கே வாம்மா. கனம் வேணாம், லேசா வேணும்னு கேளு. மீதிய முதலாளியே பேசிக்குவாரு."

மறுநாள் வந்தாள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தங்கச்சிக்குப் புடவை எடுக்க வந்தேங்கய்யா" என்றதும் திரும்பிய முகம் தானாக நேரானது.

நான் வேண்டுமென்றே ஒன்றேகால் கிலோ அரக்குப் புடவையை எடுத்துப் போட்டேன். அவள் தூக்கிப் பார்த்தாள்.

"இது ரொம்ப கனம்ண்ணா. லேசா இருக்குதா? ஆனா லேசா இருந்தா தாங்குமோ என்னவோ."

அவ்வளவுதான். விற்காமல் அடைந்து கிடந்த லேசுப் புடவைகள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. முதலாளி என்னைத் தள்ளிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா சொன்னது தாங்காதுன்னு? கனம் வேணும்னா கஞ்சியப் போட்டு ஏத்திடலாம். அது ஏமாத்து வேலை. நூலு சன்னமா இருக்கணும், இழை நெருக்கமா இருக்கணும். பேத்திக்குப் பேத்தி கட்டும். தாங்குறது கனம் இல்லம்மா, வேலை! கனத்தப் பாக்கறவனுக்குச் சரக்கே தெரியாதுன்னு அர்த்தம்."

கலையரசி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள். அவர் முடித்து மூச்சு வாங்கியதும் பையிலிருந்து அந்த ஒரு சாண் சட்டத்தை எடுத்துப் புடவை மேல் வைத்தாள்.

"ஐயா, இதையே கொஞ்சம் மாடியில வந்து சொல்றீங்களா?"

இரண்டு வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நான் மும்முரமாக ஒரு முந்தானையை மடித்தேன்.

"யாரு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்றார் முதலாளி.

என் கை நின்றுவிட்டது.

"நீங்கதாங்கய்யா. இப்பத்தான சொன்னீங்க."

அவர் சட்டத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கடைசியில் அண்ணாந்து கட்டையையும் பார்த்தார். வியாபாரி வியாபாரிதான்.

"துரைக்கண்ணு, மொதல்ல அந்தப் புடவைக்கு பில் போடுபா. அப்புறம் மாடியப் பேசலாம்."

அரை மணி நேரத்தில் மாடியும் பேசி முடிந்தது. தெருவில் இறங்கிய கலையரசி, புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். "நான் அங்க போகலம்மா. இனிமே போக மாட்டேன்" என்றாள்.

பதினோரு நாளில் பேனல்கள் ஏறின. கூரையில் ஒரு துளை இல்லை. முதலாளி பக்கத்துக் கடைக்காரர்களை ஒவ்வொருவராக மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்ட ஆரம்பித்தார். ஒருநாள் தண்ணீர் கொண்டுபோனபோது காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு இரும்புதான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சுபா. நான்தான் வுடல. தாங்குறது கனம் இல்லம்மா, வேலைன்னு சொல்லிப் புரிய வெச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று இறங்கிப் போய், எதிர்க்கடை வாசலில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த கலையரசியிடம் அப்படியே சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"சொல்லிக்கட்டும்ண்ணா. போன வாரம் மூணு பேர்கிட்ட சொன்னாரு. மூணு மாடியும் எனக்குத்தான் வந்துச்சு." இரண்டு படி ஏறியவள் நின்று திரும்பினாள். "பழைய சத்திரம் ஒண்ணு வெச்சிருக்கற பெரியநாயகி அம்மா, மாடிய எங்கிட்ட குடுக்கலாமான்னு இன்னும் யோசிச்சுக்கினே இருக்காங்க. அவங்கள ஒரு தடவ உங்க மாடிக்கு அனுப்பி வெக்கறேன். ஐயாகிட்ட கொஞ்சம் கூடுதலாவே அளக்கச் சொல்லுங்க."