விம்கோ நகர் பிளாட்பாரத்தில் ஒரு தூக்கம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விம்கோ நகர் ரயில் நிலையத்தில் நடந்தது இது. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒன்பதாவதிலேயே நீட் பயிற்சியா என்று கேட்பீர்கள். என் அக்காவும் கேட்டாள். "இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு, நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தவள் நான்.

தினமும் காலை நாலரைக்கு அலாரம். அது அடிப்பதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கு முன்னால் இரண்டு மணி நேரம், வந்தபின் மூன்று மணி நேரம், ஞாயிறானால் ராயபுரத்தில் பயிற்சி மையத்தின் தேர்வு. கவனம் சிதறும் என்று போனையும் பிடுங்கி வைத்துவிட்டேன். பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துக்கொண்டே வந்தது. டாக்டர் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று எட்டரை மணிக்குத் தேர்வு. அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் பேட்சுக்கு ஆள் எடுப்பார்கள். ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டேன். தெருவுக்குத் தண்ணி லாரி வரும் நேரம், அதனால் ரயில் ஏற்றிவிட நிற்காமல் திரும்பிவிட்டேன். ஒன்பது மணிக்கு மையத்திலிருந்து செய்தி வந்தது. உங்கள் மகள் இன்று வரவில்லையாம்.

குடத்தைப் போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்குப் பறந்தேன். வடிவுடையம்மா, என் பிள்ளையைக் கண்ணில் காட்டிவிடு தாயே என்று வழியெல்லாம் புலம்பல்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலை, பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரம்மாவின் தோளில். அவர் காலடியில் மீன் கூடை, ஐஸ் கரைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பாழாய்ப்போன கோபமும் வந்தது. "ஏய்!" என்று ஒரு கத்து கத்தினேன்.

மீன்காரம்மா முறைத்தார். "இன்னாத்துக்கு கத்துற? புள்ள தூங்கினு கீது."

"பரீட்சைங்க இவளுக்கு! எழுப்பிவிட்டிருக்கக் கூடாதா?"

"எயுப்பாமயா? காசிமேட்டுல மீன் எடுத்துகினு ஏயரை வண்டில வந்து எறங்குனேன். பொட்டப்புள்ள தனியா தூங்குதேன்னு எயுப்பினேன். கண்ணத் தொறக்காமயே, 'படிச்சினுதாம்மா கீறேன், திட்டாதம்மா'ன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல எயுப்ப மனசு வர்ல. தனியா வுட்டுட்டுப் போவவும் பயமா இருந்திச்சு. அதான் குந்திகினேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் மீன் நன்றாக விற்கும். அந்த நேரத்துக்குத் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டிருக்க வேண்டியவர், முன்பின் தெரியாத என் மகளுக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்! அவர் மெல்ல அவள் தலையைத் தூக்கி என் தோளுக்கு மாற்றினார்.

"பாத்து புடி. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

எத்தனையோ ரயில்கள் வந்து போயின. பத்தரை மணிக்கு மகள் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாளோ இல்லையோ, பதறிப்போய்ப் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

முதல் பேட்ச் கிடைக்கவில்லை. இப்போது பதினொன்றாவது படிக்கிறாள், நீட்டுக்குத்தான் தயாராகிறாள், ஆனால் எந்நேரம் எழுவது என்பதை அவளே முடிவு செய்கிறாள். பெற்ற தாயான என்னிடமிருந்தே என் மகளின் தூக்கத்தை யாரோ ஒருவர் காவல் காக்க வேண்டியிருந்ததே என்ற நினைப்பு மட்டும் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.