கெட்ட ஒட்டு கேட்டு வந்தவள்

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் என் வெல்டிங் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான். ஆனால் நான் ஒட்டிய இரும்பு இதுவரை விட்டதில்லை. என்னிடமே வந்து மோசமாக ஒட்டித் தரச் சொன்னவள் ஒருத்திதான், ஒரு பொறியியல் மாணவி. ஒல்லியான பெண். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை மணிக்கட்டால் மேலே தள்ளுவாள்.

“ஒட்டின இரும்ப லேப்ல மெஷின்ல போட்டு இழுப்போம் அங்கிள். நல்ல ஒட்டு தாங்கணும், கெட்ட ஒட்டு உடையணும். ரெண்டும் காட்டலன்னா நான் ஃபெயில் லா.”

“என் கைக்குக் கெட்ட ஒட்டு வராதும்மா. வேற கடை பாரு.”

“அங்கெல்லாம் ரெண்டுமே கெட்டதாத்தான் வருது அங்கிள்!”

சிரித்துவிட்டேன். ஒன்றை நன்றாகவும், இரண்டாவதை வேண்டுமென்றே அரைகுறையாகவும் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தாள்.

“உடையவே இல்ல அங்கிள். இன்னும் மோசமா செய்ங்க.”

எனக்கு உள்ளூரப் பெருமை. அவளோ நகர்வதாக இல்லை. குப்பையைக் கிளறித் துருப்பிடித்த துண்டுகளை அவளே பொறுக்கி வந்து நீட்டினாள். துருவைச் சுரண்டாமல், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒட்டினேன்.

அடுத்த முறை மழையில் நனைந்தபடி ஓடி வந்தாள். கையில் இரண்டாக முறிந்த இரும்பு.

“உடைஞ்சிருச்சு அங்கிள்! ரொம்ப நன்றி!”

பினாங்கில் எத்தனையோ வீட்டுக் கதவுகள் என் கைவேலை. அவற்றுக்காக ஒருவரும் மழையில் ஓடி வந்ததில்லை.